பெரியப்பா எழுதிய ஒரு வரி

எங்கள் வீட்டுக்குக் கப்பல் டாக்டர் வீடு என்று பெயர். வீட்டில் ஒருவரும் டாக்டர் இல்லை. கப்பலைக் கண்ணால் பார்த்தவரும் இல்லை. அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார், பெரியப்பா அதே பள்ளியில் கிளார்க். வில்லாபுரத்தில் ஒரு சந்துக்குள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். தெருமுனை டீக்கடையில் பெரியப்பாவைப் பார்த்தால், "என்னண்ணே, வைகையில தண்ணி வந்துருச்சாம்ல. உங்க தாத்தா கப்பல் எப்ப வருது?" என்று கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குள் வந்தபிறகு யாரிடமும் பேசமாட்டார்.

கதை இதுதான். கம்பெனிக்காரன் காலத்தில் ஒரு வெள்ளைக்காரன் கப்பல் வைத்தியனாக வந்தான். நாகப்பட்டினத்தில் இறங்கி, பட்டாளத்தோடு மதுரைக்கு வந்து, காய்ச்சலில் விழுந்தான். பட்டாளம் அவனைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. கஞ்சி ஊற்றிப் பிழைக்கவைத்தவள் ஞானப்பூ. அவளை வேதக்கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டான், இங்கேயே இருந்து செத்தான். நாங்கள் அவர்கள் வம்சம். பெரியவர்கள் இதைப் பயபக்தியோடு சொல்வார்கள். எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. அவன் விட்டுப்போன பெட்டிதான் காரணம்.

பெட்டிக்குள் எலும்பு அறுக்கும் ரம்பம் ஒன்று இருந்தது. மரப்பிடி, ஒரு முழ நீளம், பல்லெல்லாம் துரு. அந்தத் துருவை நாங்கள் ரத்தம் என்றுதான் நம்பினோம். வீட்டில் ஏதாவது உடைந்தாலோ காணாமல் போனாலோ பெரியப்பா பெட்டியைத் திறப்பார். பிள்ளைகள் வரிசையாக வந்து மணிக்கட்டை மேசையில் வைக்கவேண்டும். அதன் மேல் ரம்பத்தைப் பட்டும் படாமல் பிடித்துக்கொள்வார்.

"உண்மையச் சொன்னா சும்மா கெடக்கும். பொய் சொன்னா அதுவா அறுக்கும். சொல்லு."

சொல்லிவிடுவோம். எட்டாவது படிக்கும் என் அண்ணனே ஒருமுறை டவுசரை நனைத்தான். அத்தை மகனுக்கு இடது கையில் சுண்டுவிரல் நுனி கிடையாது. கரும்பு மெஷினில் போனது அது. ஆனால் அவன் என்னிடம் விரலை ஆட்டி ஆட்டிக் காட்டி, "ஒரே ஒரு பொய்தான்டி சொன்னேன், அதுவும் சின்னப் பொய்" என்பான். எனக்கு ஒன்பது வயது. நம்பினேன். பிள்ளைகளை இப்படிப் பயமுறுத்தி வளர்ப்பது அயோக்கியத்தனம். அன்றைக்கு அதை யாரும் அயோக்கியத்தனம் என்று நினைக்கவில்லை, ஒழுக்கம் என்று நினைத்தார்கள்.

அந்த வருடம் லண்டன் பக்கமிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பல் டாக்டரின் அண்ணன் வழியில் வந்த ஒருவர் தங்கள் குடும்ப வரலாற்றை எழுதுகிறாராம். மதுரையில் ஒரு கிளை இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். நேரில் வருகிறாராம். எழுத்தில் ஏதாவது சான்று இருந்தால் எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

எழுத்தில் என்ன இருந்தது? பழைய வேதாகமம் ஒன்று இருந்தது. அதன் முதல் பக்கத்தில் கப்பல் டாக்டருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானங்கள் எழுதியிருந்தன. தகப்பன் பெயர் இருந்தது. தாய் பெயர் எங்கேயும் இல்லை.

அவர் வருவதற்கு ஐந்து நாள் முன்பு, மத்தியானம், தண்ணீர் குடிக்கப் போனவள் ஜன்னல் வழியாகப் பெரியப்பாவைப் பார்த்தேன். வேதாகமத்தைத் திறந்துவைத்து, முள்பேனாவால் பிள்ளைகளின் பெயர்களுக்கு மேலே ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் பஞ்சை டீ டிக்காஷனில் நனைத்து அந்த வரியின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தார். பிறகு பக்கத்தை விசிறியால் விசிறினார். முகம் வேர்த்திருந்தது. திருடனின் முகம்.

அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது பெட்டியைத் திறந்து என்னைக் கேட்டால் என்ன செய்வேன்? சொன்னால் பெரியப்பா மாட்டுவார். சொல்லாவிட்டால் என் கை போகும். என்னை யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று ஜெபம் செய்தேன். பெரியப்பாவையே கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வந்தவர் சிவந்த முகம், வெள்ளை முடி, தோளில் தோல் பை. கூடவே கோயிலைச் சுற்றிக்காட்டும் கைடு ஒருவன். அத்தை கேசரி கிண்டியிருந்தாள். வந்தவர் கேசரியைத் தொடவில்லை. வேதாகமத்தைத்தான் தொட்டார். ஞானப்பூவைக் கோயிலில் கட்டியதாகச் சொன்ன அந்த வரியைக் கட்டைவிரலால் தடவினார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், கைடிடம் ஏதோ சொன்னார்.

"ஐயா, இந்த வரி மட்டும் வேற மை மாதிரி தெரியுதாம். நெசமாவே பழசான்னு கேக்குறாரு."

அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், டீக்கடைச் சிரிப்பு.

"எங்க வீட்டுல சத்தியம் பண்ற முறை ஒண்ணு இருக்கு தம்பி. அவுக தாத்தா ஆயுதத்த வச்சே பண்ணுவோம். அதையும் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

பெட்டியை எடுத்துவந்து, ரம்பத்தை வந்தவர் கையிலேயே கொடுத்தார். சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டை மேசையில் வைத்தார். வெள்ளைக்காரருக்கு வேடிக்கையாக இருந்தது. பிடியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அழுத்திப் பிடித்துவிட்டார். துருப்பிடித்த பல் பெரியப்பாவின் நரம்பின் மேல் உட்கார்ந்தது. தோல் பள்ளமாக உள்ளே போனதைப் பார்த்தேன்.

"ஞானப்பூ அவரு கோயில்ல வச்சுக் கட்டுன சம்சாரம். இந்த வரி..."

"வேணாம் பெரியப்பா!" என்று கத்தினேன். "அறுத்துரும்! நீங்கதான எழுதுனீங்க! டிக்காஷன் தொட்டு வச்சீங்கள்ல, நான் பாத்தேன்! உண்மையச் சொல்லிருங்க பெரியப்பா!"

மேசைக்குப் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கேசரித் தட்டு கீழே விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. கைடு மட்டும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாக மொழிபெயர்த்தான். டிக்காஷனுக்கு இங்கிலீஷில் என்ன என்று யோசித்து, டீக்குடிப்பதுபோல் சைகை காட்டினான்.

அத்தை என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய் முதுகில் ஒன்று வைத்தாள். "குடியக் கெடுத்தியேடி" என்றாள். வந்தவர் போனபிறகு பெரியப்பா உள்ளே வந்தார். அடிக்கப்போகிறார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"என் கை போயிரும்னு பயந்தியா பாப்பா?"

தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ரம்பத்தையும் யார் கைமேலும் வைக்கவில்லை. கைடு டீக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறான். சாகும்வரை பெரியப்பாவுக்கு டிக்காஷன் டாக்டர் என்றுதான் பெயர்.

மை புதிது. சேதி பழையது. இந்த வித்தியாசம் ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. பள்ளியில் பார்த்து எழுதினால் தப்பு, பின்னால் எழுதிச் சேர்த்தால் தப்பு, அதனால் பெரியப்பா எழுதியதும் பொய் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் மணப்பெண்ணுக்கு முதல் சேலையை ஞானப்பூ பேரைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். அது காகிதத்தில் இல்லை. கோயில் ரிஜிஸ்டரைக் கரையான் தின்றது என்று சொல்வார்கள். கரையான் தின்றதை ஒரு மனிதன் திருப்பி எழுதினான். திருட்டுத்தனமாகத்தான் எழுதினான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காகிதம் கேட்டவன் எவன்? எல்லாக் காகிதத்தையும் தன் பக்கம் வைத்துக்கொண்டவன் கேட்டான்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அந்தப் புத்தகம் தபாலில் வந்தது. கெட்டி அட்டை, நல்ல தாள். கப்பல் வைத்தியருக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மதுரையில் காலமானார், திருமணம் செய்துகொள்ளவில்லை என்று போட்டிருந்தது. பெரியப்பா அதைப் படித்துவிட்டு மூடி வைத்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு நான் கத்தி முடித்ததும் அந்த மனிதர் ரம்பத்தைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார், குனிந்து என் தலையைத் தட்டிக்கொடுத்தார். நல்ல பெண் என்று சொல்கிறார் என்றான் கைடு. பிறகு நோட்டைத் திறந்து, மரம்போல் வரைந்து வைத்திருந்த ஒரு படத்தில், கப்பல் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பெயரின் குறுக்கே கோடு போட்டார். ஸ்கேல் இல்லாமல் இவ்வளவு நேராகக் கோடு போடுகிறாரே என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.