தங்கப்பன் கொட்டிய தொக்காய்

புட்டியின் கார்க்கை முகர்ந்தால் போதும், ஒயின் நல்லதா கெட்டதா என்று தங்கப்பன் சொல்லிவிடுவார். போலகத்துக்காரர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் சிதம்பரநாதனின் ஒயின் கடையில் இருபது வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைத்ததில்லை. கப்பலில் வெந்து வரும் சரக்கில் பாதி புளித்துக் காடியாகியிருக்கும். பெட்டிக்கு ஒரு புட்டியைத் திறந்து பார்த்து அவர் "போச்சுங்க" என்றால், முதலாளி மறுபேச்சு பேசமாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஆறு புட்டிகள். மேலே ஒட்டியிருந்த எழுத்து பிரெஞ்சு இல்லை. வெள்ளை ஒயின் என்று சீட்டில் இருந்தது; உள்ளேயோ பழைய தேன் நிறம். ஒன்றைத் திறந்தார். உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், தேன். அடியில், அடைமழையில் பூட்டிக் கிடந்த அறையின் பூஞ்சை வாடை. மறுபடி முகர்ந்தார். மறுபடியும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

"போச்சுங்க" என்றார்.

"கொட்டிடு" என்றார் முதலாளி.

கொல்லை மணலில் ஐந்து புட்டிகளைக் கொட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எறும்பு வரிசை கட்டியது. காடிக்கு எறும்பு வந்து அவர் பார்த்ததில்லை. ஆறாவதைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை மதாம் இலோனா வந்தாள். பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் மனைவி, பிறந்தது ஹங்கேரியில்.

"எங்க ஊர் ஒயின், என் தொக்காய் வந்துச்சா, தங்கப்பன்?"

"பூஞ்சை வாடை அடிச்சுது மதாம். அஞ்சைக் கொட்டிட்டேங்க."

அவள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"அது பூஞ்சைதான். எங்க ஊர்ல திராட்சையைப் பறிக்காம விட்டுடுவாங்க. பூஞ்சை பிடிச்சு, சுருங்கிப் போகும். அதை ஒண்ணொண்ணாப் பொறுக்கித்தான் இதைச் செய்வாங்க. அப்பா தோட்டத்துல நானும் பொறுக்கியிருக்கேன்."

"அழுகுனதையா?"

"அழுகுனதைத்தான். இப்ப அப்பா இல்லை. தோட்டத்தையும் சர்க்கார் எடுத்துக்கிச்சு. இனிமே இது எனக்கு வராது."

திட்டியிருந்தால் தங்கப்பன் தாங்கியிருப்பார். அவளோ மிச்சமிருந்த புட்டியைத் திறந்து, ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி நீட்டினாள். மறுக்கத் தோன்றாமல் குடித்தார். முதலில் இனிப்பு. அதை வெட்டிக்கொண்டு ஒரு புளிப்பு. பிறகு மறுபடி இனிப்பு.

"எப்படி இருக்கு?"

"தெரியலைங்க மதாம்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. புட்டியைக் கைக்குழந்தைபோல் அணைத்து எடுத்துப் போனாள்.

வீட்டில் மனைவி அன்னபூரணி முகம் சுளித்தாள். "குடிச்சீங்களா?"

"ஆமா. நல்லதைக் குடிச்சேனா கெட்டதைக் குடிச்சேனான்னுதான் புரியல."

மறுநாள் வந்த சிவப்பு ஒயின் சுத்தமாகக் காடி. கடைக்கு வந்தவர்களுக்கே மூக்கில் ஏறியது. தங்கப்பன் மூன்று தடவை முகர்ந்துவிட்டுக் கார்க்கை முதலாளியிடமே நீட்டினார்.

"என்ன தங்கப்பா, மூக்கு அடைச்சுக்கிச்சா?"

"இல்லைங்க, வாடை நல்லாத்தான் தெரியுது. அதை வச்சு எதைக் கொட்டச் சொல்றதுன்னுதான் தெரியல. என்னைப் பெட்டி இறக்குற வேலைல போட்டுடுங்க."

அடுத்த வருஷம் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுவதற்கு முன்பே மதாம் ஊரைவிட்டுப் போனாள். தங்கப்பன் அப்போதும் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்.