ராஜமேரி ஆற்றிய கண்ணாடி

ராஜமேரிக்கு மறதி கிடையாது. மன்னிப்பு என்று ஒன்று இருப்பதாக ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் கஸ்பாரின் மகள். பி.எஸ்ஸி. படித்தும் தர்மபுரியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அட்டெண்டர் வேலைதான் கிடைத்தது. கழுவுவது, துடைப்பது, பேராசிரியர் நஞ்சப்பனுக்குக் காபி வாங்கிவந்து ஆற்றிக் கொடுப்பது.

1987இல் நஞ்சப்பன் திரவப் படிகத்தில் இறங்கினார். டிஜிட்டல் வாட்சில் எண் காட்டுகிறதே, அந்தச் சரக்கின் இனம். அதை உருக்கி, கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் கலந்து, இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே கண்ணாடியாக உறைய வைக்க வேண்டும். அதில் லேசரைக் குறைவாகச் செலுத்தினால் சுவரில் வெறும் சிவப்புப் புள்ளி. கூட்டினால் அந்த ஒளியே கண்ணாடியின் குணத்தை மாற்றிவிடும். புள்ளி விரிந்து வளையம் வளையமாக நிற்கும். வெள்ளி கலந்தால் கொஞ்ச ஒளிக்கே இது நடக்கும் என்பது நஞ்சப்பனின் எண்ணம்.

எண்ணம் சரிதான், கைதான் வரவில்லை. ஆறு மாதம் அவர் செய்ததெல்லாம் மார்கழித் தேங்காயெண்ணெய் போல வெளுத்து உறைந்தது. ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது ராஜமேரி சூடான ஸ்லைடை எடுத்து, ஐஸ்மேல் வைத்த பித்தளைத் தகட்டில் சட்டென்று அழுத்தினாள். பளிங்குபோல உறைந்தது. சுவரில் ஏழு வளையம்.

"பேப்பர்ல உன் பேரும் வரும்மா" என்றார் நஞ்சப்பன். அந்த ஒரு பேச்சை நம்பி நாற்பது ஸ்லைடு செய்து கொடுத்தாள். எப்படிச் செய்கிறாள் என்று அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பேர் வந்தால், மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு மனுப் போடலாம் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டாள்.

அச்சாகி வந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரே பேர், நஞ்சப்பன். கேட்டதற்கு, "அட்டெண்டர் பேரையெல்லாம் போட்டா சிரிப்பாங்கம்மா" என்றார். இந்த ஆளை என்ன செய்தால் தகும்? அவள் கறுவிக்கொண்டு காத்திருந்தாள்.

அடுத்த வருஷம், செய்முறையை நேரில் பார்க்க பெங்களூரிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள் வருவதாகக் கடிதம் வந்தது. வருவதற்கு முதல்நாள் நஞ்சப்பன் அவளைக் கூப்பிட்டார்.

"உருக்கினதுக்கு அப்புறம் என்ன பண்ணுவே?"

"ஆத்தணுங்க சார்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆற்றுவது வேறு, ஆற விடுவது வேறு என்பது டம்ளர் பிடித்த கைக்குத் தெரியும். அவருக்குத்தான் காபி எப்போதும் ஆறியே வந்து சேருமே!

மறுநாள் விஞ்ஞானிகள் முன்னால் ஸ்லைடை உருக்கி மேசைமேல் வைத்துவிட்டு, ஆறட்டும் என்று அரைமணி நேரம் பேசினார். அது வெளுத்துப்போனது. இன்னொன்று செய்தார், அதுவும் வெளுத்தது. ராஜமேரி கதவோரம் நின்று ரசித்துப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டிய நஞ்சப்பன் கடைசியில், "ராஜமேரி, நீ பண்ணும்மா" என்றார்.

மூத்த விஞ்ஞானி அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"பேப்பர்ல யாரு பேரு இருக்குதுங்களோ, அவங்களைத்தான் கேக்கணுங்க. நான் அட்டெண்டருங்க. நான் செஞ்சா சிரிப்பாங்க."

செய்து காட்ட முடியாததால் அந்த மாதமே நஞ்சப்பன் பேப்பரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ராஜமேரிக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அன்றைக்கே செய்து காட்டியிருக்கலாமே என்று பல வருஷம் கழித்து நான் அவளிடமே கேட்டேன்.

"காட்டியிருந்தா வேலை கெடைச்சிருக்கும். அவரோட அந்த மூஞ்சியைப் பாக்கக் கெடைச்சிருக்குமா?" என்றாள்.