தண்ணீர் டிரம்மில் நின்ற பந்தல்

சென்ற ஆண்டு நூம்பலில் என் அக்காவின் கணவர் காலமானார். வாசலில் துணிப் பந்தல் போட வேண்டும். சிமெண்ட் ரோடு என்பதால் முளை அடிக்க வழியில்லை.

"கம்பத்துக்கு மணல் மூட்டை கட்டட்டா, தண்ணி டிரம்மா அண்ணாத்தே?" என்று கேட்டார் பந்தல்காரர்.

"தண்ணியே வெய்யி நைனா. கொழாயத் தொறந்தா ரொம்பிடும். மணலுக்கு எங்க போறது?" என்றேன், பெரிய இன்ஜினியர் மாதிரி.

மாலையில் சுடுகாட்டிலிருந்து திரும்பினோம். வீட்டுக்குள் நுழையுமுன் கால் கழுவ வேண்டுமே! எதிரிலேயே டிரம் நிறையத் தண்ணீர். எல்லோரும் மொண்டு மொண்டு கழுவினார்கள். நானும்தான். பந்தலைப் பிடித்திருந்த பாரமே அந்தத் தண்ணீர்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திடீரென்று காற்று வீசியது. துணி உப்பி, ஒரு கம்பம் தரையை விட்டு எழும்பியது. அடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். என் தொப்பைக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது. அதுவும் போதவில்லை, கம்பம் என்னையும் சேர்த்து இழுத்தது.

"மாமா! ஓடியா மாமா!" என்று அலறிவிட்டேன்.

பல்பு எரியாவிட்டாலும் பாம்பு வந்தாலும் நான் கூப்பிடுவது அவரைத்தான். வாய்க்குப் பழக்கம்.

நாலு பேர் பாய்ந்து வந்து பந்தலைப் பிடித்தார்கள். யாருக்கும் அடியில்லை. அதுவரை அழாமல் இருந்த அக்கா, "உன் மாமா இனிமே எங்கடா வருவாரு?" என்று வெடித்து அழுதாள்.

இப்போது யார் வீட்டுப் பந்தலானாலும் மணல் மூட்டைதான் கட்டச் சொல்கிறேன். கால் கழுவத் தனியாக வாளி வைக்கிறேன். பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.