சவரிமுத்து மாஸ்டர் பார்க்காத படம்

தேனியில் ஒரு சண்டைப் படத்தின் இடைவேளை முடிந்து விளக்கை அணைத்தபோதுதான் செய்தி வந்தது. ஜவுளிக்கடை விளம்பரமும் பல்பொடி விளம்பரமும் ஓடி முடிந்ததும், கையால் கிறுக்கிய ஒரு ஸ்லைடைப் போட்டார்கள்: ‘தமிழ் டீச்சர் வெளியே வரவும். பெருமாள்சாமி.’ கொட்டகைக்குள் எத்தனை தமிழ் டீச்சர்கள் இருந்தார்களோ, எழுந்தது நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டில் இல்லையென்றால் எங்கே இருப்பேன் என்பது எங்கள் பழைய கணக்கு வாத்தியார் பெருமாள்சாமிக்கு நன்றாகத் தெரியும். வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

“சவரிமுத்து மாஸ்டர் போயிட்டாக டீச்சர். காலைல, தூக்கத்துலயே. சாயந்தரம் அடக்கம்” என்றார்.

உள்ளே கதாநாயகன் யாரையோ அடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பெருமாள்சாமி அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “மாஸ்டர் இருந்தா, முடிவு பாக்காம எந்திரிச்சு வந்தீகளான்னு உங்கள வைவாக” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். பஸ்ஸில் ஏறி வீரபாண்டி தாண்டும் வரை அந்தச் சிரிப்பு தாங்கியது. அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த நினைவஞ்சலியை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அவருடைய விசில் சத்தத்துக்கு மைதானத்தைச் சுற்றி ஓடியவர்களாக இருப்பீர்கள். ராயப்பன்பட்டிப் பக்கத்து எங்கள் பள்ளியில் அவர் டிரில் மாஸ்டர். பனைமரம் மாதிரி உயரம், ஐயனார் மீசை, கழுத்தில் விசில். “ஏலே, நெஞ்ச நிமித்துலே!” என்று அவர் ஒரு அதட்டல் போட்டால் மாணவர்கள் மட்டுமல்ல, வராண்டாவில் போகிற நாங்களும் நிமிர்ந்துகொள்வோம். ஆனால் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்து மாஸ்டரை உங்களுக்குத் தெரியாது. அவரைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

எங்கள் ஆசிரியர் அறையில் திங்கட்கிழமை என்றால் சினிமா விசாரணை. ஞாயிற்றுக்கிழமை யார் எந்தப் படம் பார்த்தாலும் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பதற்குள் அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சண்டைப் படம். கத்தி வேண்டும், குதிரை வேண்டும், கடைசியில் ஒரு கோட்டையாவது இடிய வேண்டும். மாஸ்டருக்கோ அழுகைப் படம். தாய், தங்கை, பிரிந்த குடும்பம், மழையில் நனைகிற அநாதை. எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ரசனையை யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

அவர் படத்துக்கு மதிப்பெண் போடும் விதமே தனி. கொட்டகைக்குப் போகும்போது தோளில் ஒரு துண்டு, கைப்பையில் ஒரு துண்டு. சுமாரான படம் என்றால் தோள் துண்டின் முனை நனையும். நல்ல படம் ஒரு துண்டுப் படம். அபூர்வமாக ரெண்டு துண்டுப் படம் வரும். முதல் நாள் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு அலசிப் போட்ட துண்டு, திங்கட்கிழமை காலையில் சைக்கிள் ஹேண்டில்பாரில் காய்ந்துகொண்டே வரும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பள்ளிக்கூட வாசலில் எங்களுக்கு விமர்சனம் கிடைத்துவிடும். மூன்று துண்டுப் படம் என்று ஒன்று உண்டா என்று ஒரு முறை கேட்டேன். “அப்பிடி ஒரு படத்த இனிமேத்தான் எவனாவது எடுக்கணும் டீச்சர்” என்றார்.

உத்தமபாளையம் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் உண்டு. ஒரு நாள் திரையில் தங்கை, அண்ணனைவிட்டுப் பிரிந்து மாட்டுவண்டி ஏறுகிறாள். கொட்டகையே கப்சிப். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். மாஸ்டர் மூக்கைச் சிந்துகிறார். பெண்கள் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் நான் கேலி செய்தபோது மனிதர் அசையவில்லை. “அழ வெக்கப்படுறவன் டிக்கெட் எடுக்கக் கூடாது டீச்சர். அவன் வீட்டுலயே கெடக்கட்டும்” என்றார். அதை நான் இன்றும் மறக்கவில்லை.

என் சண்டைப் படங்களை அவர் லேசில் விட மாட்டார். “உங்க ஆளு பத்துப் பேர அடிச்சாரே, அந்தப் பத்துப் பேரும் எப்பிடி நிக்கிறானுக? ஒருத்தன் அடிவாங்கி முடிச்சப்பறம் அடுத்தவன் வாரான். என் டிரில் கிளாஸ்ல கூட ஒரு பய இப்பிடி வரிசைல நின்னதில்ல!” என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் ஒரு நாள் அவரே ஒன்று சொன்னார்: “ஜெயிச்சவன் மூஞ்சிய எதுக்குப் பாக்குறீக? விழுறவனப் பாருங்க. அடிபடாம அடிபட்ட மாதிரி விழுறது லேசுப்பட்ட காரியமில்ல. அந்தச் சண்டையத் தாங்குறது அவன்தான்.” அதற்குப் பிறகு எந்தச் சண்டைக் காட்சியிலும் என் கண் விழுகிறவனிடம்தான் போகிறது. என்னை அப்படிக் கெடுத்துவைத்தவர் மாஸ்டர்தான்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

வருஷம் பூராவும் சினிமா பார்க்கிற மாஸ்டர், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டால் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, “கடைய அடைச்சாச்சு டீச்சர்” என்பார். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் முதல் ஆட்டத்துக்கு நிற்பார். நான் சொல்கிற வருஷத்தில் அதற்கு மேல் ஒரு நேர்ச்சையும் இருந்தது. அவர் மனைவி லூர்தம்மாள் நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து தாயும் பிழைத்து எழும் வரை சினிமா இல்லை என்று மாதாவிடம் நேர்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்தப் படம் வர வேண்டும்? ஊரெல்லாம் அதன் பாட்டு. லூர்தம்மாளுக்கு அதில் ஒரு தாலாட்டுப் பாட்டின் மேல் உயிர். யாரோ பாட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்துக் கதைச் சுருக்கத்தைப் படித்ததில்தான் வினை வந்தது. கதாநாயகி பிள்ளைத்தாய்ச்சி. ‘பிரசவ வேதனையில் துடிக்கும் அவள் கதி என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிட்டான். அன்றிலிருந்து லூர்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என்ன ஆனாள், பிழைத்தாளா இல்லையா என்று ஒரே கேள்வி.

“கததான லூர்துன்னு சொல்லிப் பாத்துட்டேன் டீச்சர். மனசுல பிடிச்சுக்கிருச்சு. சகுனம் பாக்கக் கூடாதும்பாரு சாமியாரு. பயந்தவளுக்குச் சாமியார் சொல்றது கேக்குமா?” என்றார் மாஸ்டர். மைதானத்தில் கர்ஜிக்கிற குரல் உள்ளே போயிருந்தது. “நான் போக முடியாது. எனக்காக நீங்க ஒரு அழுகைப் படம் பாப்பீகளா?”

“சண்டை இருக்கா மாஸ்டர்?”

“இருக்கு. மாமியாளும் மருமகளும் போடுறது.”

ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையம் போனேன். அப்போதெல்லாம் ஒரே படப்பெட்டியைச் சின்னமனூரும் உத்தமபாளையமும் பங்கு வைத்து ஓட்டும். சின்னமனூரில் ஓடி முடிந்த ரீல்களைப் பையில் போட்டு சைக்கிளில் கொண்டுவருவார்கள். ஒரு ஆள் போக, அடுத்த ஆள் வர என்று இரண்டு பேர். அன்றைக்கு முன்னால் கிளம்பியவனுக்கு வழியில் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் சைக்கிள் பஞ்சர். பின்னால் கிளம்பியவன் அவனைத் தாண்டி வந்துவிட்டான். இங்கே கொட்டகையில் விசிலடி, நாற்காலி உதை. ஆபரேட்டர் பார்த்தார். வந்த ரீலை மாட்டி ஓட்டிவிட்டார்.

எனவே நாங்கள் பார்த்தது இது. கதாநாயகியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகிறார்கள். டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் தலையை ஆட்டுகிறார். மாலை, ஊர்வலம், கொட்டகை முழுக்க ஒப்பாரி. முடிவில் வரும் ‘வணக்கம்’ எழுத்தையும் போட்டுவிட்டார்கள். செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தோம். அப்போதுதான் பஞ்சர் ஒட்டிய ஆள் வந்து சேர்ந்தான். காசு கொடுத்த சனம் விடுமா? “மிச்சத்தப் போடுறா!” என்று ஒரே கூச்சல். விளக்கு மறுபடி அணைந்தது. செத்துப்போனவள் வெள்ளைச் சேலையில், இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளையோடு, பூந்தோட்டத்தில் அந்தத் தாலாட்டைப் பாடிக்கொண்டு வந்தாள். கதைப்படி அது புருஷன்காரன் முன்னாலேயே காண்கிற கனவு. பாட்டு முடிந்தது, படமும் முடிந்தது.

மறுநாள் மதியம் மாஸ்டர் தூக்கைத் திறக்காமல் என் எதிரில் உட்கார்ந்தார். ஆசிரியர் அறை மொத்தமும் சுற்றி நின்றது. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. கொட்டகையில் ஓடிய வரிசைப்படியே சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டிய இடத்தில் மாஸ்டருக்கு முகம் வெளிறிவிட்டது.

“பெறகு?”

“பெறகு அவ பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு பூந்தோட்டத்துல பாடிக்கிட்டு வந்தா மாஸ்டர். லைட்டப் போட்டுட்டான்.”

“கடைசி சீனு அதானா?”

“அதான் கடைசி. என் கண்ணால பாத்தேன்.”

பெருமாள்சாமி சனிக்கிழமையே அந்தப் படத்தைச் சின்னமனூரில் ஒழுங்கான வரிசையில் பார்த்தவர். “கணக்கு ஒதைக்குதே டீச்சர், அந்தப் பாட்டு…” என்று ஆரம்பித்தார். மேஜைக்கு அடியில் அவர் காலை என் செருப்பால் ஒரு மிதி மிதித்தேன். நான் பார்த்த எந்தச் சண்டைப் படத்திலும் அப்படி ஒரு அடி விழுந்ததில்லை. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆமா ஆமா, பாட்டுலதான் முடியுது. பிள்ள நல்ல கலரு” என்றார்.

மாஸ்டர் எழுந்தார். “அப்ப டாக்டர் பய தப்பாச் சொல்லியிருக்கான்! செத்தவள எழுப்பிக் கொண்டாந்துட்டானே டீச்சர், இதுல்ல படம்! மூணு துண்டுப் படம்!” என்றவர், சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். டிரில் வகுப்புக்கு அன்று அவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிரவு லூர்தம்மாள் வயிறாரச் சாப்பிட்டாள் என்று மறுநாள் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை பின்னேரம் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சுகம். ஈஸ்டர் மேரி என்று பெயர் வைத்தார்கள். அவர் வாழ்நாளில் கொடுத்த ஒரே மூன்று துண்டு, கண்ணால் பார்க்காத படத்துக்குப் போனது.

ஈஸ்டர் மேரி பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு அந்தப் படம் போடியில் மறுபடி வந்தது. மாஸ்டர் மனைவியை அழைத்துக்கொண்டு போனார். எனக்குத் திக்கென்றது. திங்கட்கிழமை வாசலிலேயே நின்று பார்த்தேன். சைக்கிளில் துண்டையே காணோம். தோளில் கிடந்தது மொடமொடவென்று இஸ்திரி கலையாமல் இருந்தது.

“படம் எப்படி மாஸ்டர்?”

“போடி ஆபரேட்டருக்கு ஒண்ணும் தெரியல டீச்சர். ரீல மாத்திப்புட்டான்” என்றார், மீசையைத் தடவிக்கொண்டு. “கடைசில வர வேண்டிய பாட்ட முன்னாலயே போட்டுட்டான். பாட்டு முடியவும் படம் முடிஞ்சிருச்சு லூர்துன்னு சொல்லி, கூட்டிக்கிட்டு வந்துட்டேன்.”

எந்தப் படத்துக்கும் ‘வணக்கம்’ போடும் வரை நாற்காலியைவிட்டு எழாத மனிதர் அவர். என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

போன ஞாயிறு சாயந்தரம், அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, லூர்தம்மாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அழுது ஓய்ந்த முகம்.

“அந்தப் படத்துல அவ செத்துத்தான் போவான்னு எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்” என்றாள்.

“எப்படித் தெரியும்?” என்றேன்.

“பக்கத்து வீட்டுக்காரி சின்னமனூருல பாத்துட்டு வந்து, ஒப்பாரி வச்சே சொல்லிப்புட்டா. எம்புட்டுப் பயந்து கெடந்தேன் தெரியுமா? மறுநா மத்தியானம் இவுக வேகாத வெயில்ல சைக்கிள்ல வாராக. வாசல்ல எறங்கல, அதுக்குள்ள ‘லூர்து, பொழைச்சுட்டா! பொழைச்சுட்டா!’ன்னு கத்துறாக. அந்த மொகத்தப் பாத்தேன் டீச்சர். இந்த மனுசனுக்காகவாவது பொழைச்சு எந்திரிக்கணும்னு அன்னைக்கு நெனச்சேன். போடியிலயும், படம் முடிஞ்சிருச்சுன்னு கையப் பிடிச்சு இழுத்தாக. சரின்னு வந்துட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். புறப்படும்போது கொடியில் கிடந்த அவருடைய துண்டு ஒன்றை மடித்துக் கொடுத்தாள். அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. சண்டைப் படத்துக்கும் அதை எடுத்துக்கொண்டுதான் போவேன். விழுகிறவர்களுக்காக.

பள்ளியில் இந்த நினைவஞ்சலியைக் கேட்டபோது பிறப்பு, படிப்பு, உத்தியோகம், கடைசியில் மரணம் என்று வரிசையாக எழுதச் சொன்னார்கள். மாஸ்டரிடம் படம் பார்க்கப் பழகிய எனக்கு அந்த வரிசை ஒத்துவராது. அதனால்தான் அவர் போன செய்தியை முதலிலேயே ஓட்டிவிட்டேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்த ரீல் இது.

திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூட மணி இன்னும் அடிக்கவில்லை. தென்னந்தோப்பு வளைவில் ஒரு சைக்கிள் திரும்புகிறது. ஹேண்டில்பாரின் இந்தப் பக்கம் ஒரு ஈரத் துண்டு, அந்தப் பக்கம் ஒரு ஈரத் துண்டு, காற்றில் படபடக்கின்றன. என்னைப் பார்த்ததும் பெல் அடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கிறார். கண் இரண்டும் சிவந்திருக்கின்றன. முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சர், பாத்தீகளா படத்த? பாக்கலயா? இங்கன வாங்க, சொல்றேன்.”