என் காதும் மகள் குரலும்

போர்வெல் போடுகிற தொழிலில் என் காதுக்கு ஒரு பெயர் உண்டு. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியை எடுத்துக்கொண்டு ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று நான் போகாத சீமை இல்லை. நானூறு அடிக்குக் கீழே துளைக்கிற பிட்டு எந்தப் பாறையில் நிற்கிறது என்று மேலே நின்றபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். ஒருமுறை அனந்தப்பூர் பக்கம், நிலத்தடி நீர் பார்க்கிற படித்த ஆள் ஒருவர் இருநூறு அடியில் நிறுத்தச் சொன்னார். இன்னும் ரெண்டு ராடு இறக்குங்கடா என்றேன் நான். தண்ணீர் ஆள் உயரத்துக்கு அடித்தது. அவர் என்னைப் பார்த்து எந்தக் காலேஜ் என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை என்றேன்.

ராடு தூக்குகிற கூலியாக ஏறியவன் நான். இன்று மூன்று ரிக் என் பெயரில் ஓடுகிறது. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. பெருமையடிக்கிறான் என்பார்கள். அடித்துக்கொள்கிறேன், எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இங்கே இதைச் சொல்வதற்கு வேறு காரணம். வாழ்நாள் முழுக்க நான் இந்தக் காதை நம்பியே பிழைத்தவன்.

எனக்கு ஒரே மகள். ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளியில் விடுதியில் போட்டுப் படிக்கவைத்தேன். அங்கே ஜெபப் பாட்டுக் குழுவில் நிறுத்தியபோதுதான் அவள் குரல் என்ன குரல் என்று தெரிந்ததாம். பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, இது ஆயிரத்தில் ஒன்று, வீணாக்கிவிடாதீர்கள் என்றார். பிறகு சென்னையில் காலேஜ், அங்கேயே மேல்நாட்டுப் பாட்டு சொல்லித் தருகிற ஒரு டீச்சர். அப்படித்தான் ஓபரா என்கிற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது. முழு நாடகத்தையும் பாட்டாகவே பாடுவது அது. பெரும்பாலும் இத்தாலி பாஷை. முன்னால் நாற்பது ஐம்பது பேர் வாத்தியம் வாசிப்பார்கள். பாடுகிறவருக்கு மைக் கிடையாது.

மைக் கிடையாது என்பதுதான் எனக்குப் பிடித்துப்போனது. வெறும் உடம்பை வைத்துக்கொண்டு ஒரு மண்டபத்தையே நிரப்ப வேண்டும். எங்கள் தொழில் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற என் மச்சான், மனைவியின் அண்ணன், வீட்டுக்கு வந்திருந்தபோது மாடியில் அவள் பாடுவதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மாப்ள, எம்பட பண்ணையில அறுவதாயிரம் கோழி இருக்குது. ஒண்ணுகூட இப்பிடிக் கத்தறதில்லீங்க."

"உங்க கோழி இத்தாலி போகாது மச்சான். எம்பட புள்ள போவா."

"போவட்டும், போவட்டும். மாப்ளை பாக்கறதுக்குள்ள திரும்பி வந்தாச் சேரி."

லீவுக்கு வந்தால் காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி. தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் இரண்டு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை வைத்துக்கொள்வாள். மூச்சு நெஞ்சில் நிற்காமல் வயிற்றுக்கு இறங்கினால்தான் பொட்டலம் ஏறி இறங்கும். அப்புறம் உதட்டைப் படபடவென்று அடித்துக்கொண்டே, ஸ்டார்ட் ஆகாத டிராக்டர் மாதிரி, கீழிருந்து மேலே போவாள். கீழ்க்குரலும் மேல்குரலும் சேருகிற இடம் ஒன்று எல்லாருக்கும் தொண்டையில் இருக்கிறதாம். அந்த இடத்தைத் தாண்டும்போது இடறாமல் போகத்தான் வருஷக்கணக்காகப் பழக வேண்டும். தள்ளினால் உடையும், விட்டுக்கொடுத்தால் காற்றாகிவிடும். இதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொன்னாள்.

நான் கதவருகில் நின்று கேட்பேன். கீழ்க்குரலில் பாடும்போது நன்றாகக் கேட்கும். மேலே போகப் போக நூலாய் இளைத்து, சில சமயம் வாய் மட்டும் திறந்திருப்பதைப் பார்ப்பேன்.

"கேக்கல சாமி. இன்னும் ஏத்து."

ஏற்றுவாள். கழுத்து நரம்பு புடைக்கும். அப்போது கேட்கும். "இப்பச் சேரி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்குவேன். ஒவ்வொரு லீவு முடிந்து சென்னைக்குப் போகும்போதும், ஊருக்குப் போய்க் கத்திப் பழகிவிட்டு வந்திருக்கிறாய் என்று டீச்சர் அவளைத் திட்டுவாராம். ஒருமுறை நான் நேரிலேயே போனேன்.

"சார், சத்தம் வேற, கணீர் வேற" என்றார் அந்த டீச்சர். வயதானவர், மெதுவாகப் பேசுவார். "அம்பது வாத்தியத்தை எந்தத் தொண்டையும் கத்தி ஜெயிக்க முடியாது. குரல்ல ஒரு கணீர் இருக்கு. அது வாத்தியங்களுக்கு நடுவுல ஊசி மாதிரி போயிடும். உங்க பொண்ணுக்கு அது தானா வருது. தயவுசெஞ்சு அவளைத் தள்ளாதீங்க."

சரிங்க என்றுதான் சொன்னேன். மனதுக்குள், சின்னக் குரலுக்கு இந்தம்மா நல்ல பெயர் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்ட வரையில் கணீர் எதுவும் இல்லை. என் காதை விட யார் காது பெரிது?

ஓபராப் பாட்டுக்கு ஒரு போட்டி சென்னையில் நடந்தது. ஜெயிக்கிறவருக்கு இத்தாலியில் இரண்டு வருஷம் படிப்பு. நாடு முழுவதிலுமிருந்து வந்திருந்தார்கள். அரையிறுதியில் பியானோ மட்டும். நான் வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ரிக் ஓடுகிற இடத்திலும் நான் தள்ளி நின்றுதான் கேட்பேன், பக்கத்தில் நின்று கேட்கிறவன் ஏமாந்துபோவான்.

அவள் பாடினாள். முகம் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. கழுத்து நரம்பு எதுவும் புடைக்கவில்லை. எனக்குப் போர்வைக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுவது போலிருந்தது. முடிந்ததும் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். சென்னைக்காரர்கள் மரியாதைக்காகத் தட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இறுதிச் சுற்றுக்கு ஆறு பேரை எடுத்தார்கள், அதில் அவளும் ஒருத்தி.

வெளியே ஓடி வந்தாள். "எப்பிடிங்கப்பா இருந்துச்சு?"

"கடைசி வரிசைக்கு வரல சாமி."

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர், "வந்துச்சு சார். வெளிநாட்டு ஜட்ஜே பின்னால போய் நின்னு கேட்டாரு" என்றார்.

"பொய் சொல்லி எனக்கென்னங்க ஆகப்போகுது? நான் பெத்தவன். இன்னிக்கு ஒரு பியானோவுக்கே கேக்கல. நாளான்னிக்கு அத்தனை வாத்தியம் வாசிக்கறப்ப என்ன பண்ணுவா? ஏத்திப் பாடோணும்."

இறுதிச் சுற்றன்று காலையில் அவளுக்குத் தொண்டை லேசாகக் கட்டியிருந்தது. டீச்சர் வெந்நீர் ஆவி பிடிக்கவைத்து, அன்று பாடியது மாதிரியே பாடு, ஒரு இம்மி கூடத் தள்ளாதே என்று சொன்னதை நானே கேட்டேன். மேடைக்குப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையை மேலே தூக்கிக் காட்டினேன், ராடு தூக்கச் சொல்லி ஆட்களுக்குக் காட்டுகிற மாதிரி. மறுபடியும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு எனக்குக் கேட்டது. ஆரம்பத்திலிருந்தே கேட்டது. அத்தனை வயலின்களுக்கு மேலே என் மகள் குரல் என் நெஞ்சில் வந்து இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. இப்படியொரு சந்தோஷம் மூன்றாவது ரிக் வாங்கியபோதுகூட இல்லை. முன்வரிசையில் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். ஏன் குனிகிறார் என்று புரியவில்லை.

கடைசிக்கு முந்தின வரி. எல்லாவற்றிலும் உயரமான இடம். அதில் ஏறினாள், பாதியில் குரல் நின்றது. உடையவில்லை, கரகரக்கவில்லை, நின்றது. கம்பரசர் காற்று வருகிற ஹோஸ் பிய்த்துக்கொண்டால் கீழே பாறை உடைக்கிற சுத்தியல் சட்டென்று நிற்குமே, அந்த மாதிரி. வாத்தியக்காரர்கள் இன்னும் கொஞ்ச தூரம் வாசித்துவிட்டு ஒவ்வொருவராய் நிறுத்தினார்கள். அவள் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

மூக்கு வழியாகக் கேமராவை விட்டு டாக்டர் திரையில் காட்டினார். இரண்டு வெள்ளைப் பட்டைகள், அதில் ஒன்று முழுக்கச் சிவப்பு. குரல்நாணில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. வீட்டில் அவள் போனில் எழுதிக் காட்டினாள். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் திராட்சையும் வாங்கிக்கொண்டு வந்து, பேச முடியாத பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். மச்சான் கூடக் கிண்டல் பண்ணவில்லை. "நெம்பக் கத்தவுட்டுட்டீங்க மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

மாதங்கள் போயின. பேச்சு வந்தது, மணல் கலந்த மாதிரி. சேலத்தில் ஒரு பெண்ணிடம் வாரம் இரண்டு நாள் குரலுக்குச் சிகிச்சை. கீழ்க்குரல் பரவாயில்லை. அந்தச் சேருகிற இடத்துக்கு வந்தால் காற்றுதான் வருகிறது. நாணில் தழும்பு விழுந்துவிட்டது, மேல்குரல் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். மகள் பாட்டு நோட்டுகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினாள். கீபோர்டைப் பள்ளிபாளையத்தில் ஒரு சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

தழும்பு என்று சொன்ன அன்று டாக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசினார். நான் நாலு தடவை "என்னங்க?" என்று கேட்டேன். அவர் காதுக்கும் டாக்டர். எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, என்ன தொழில், எத்தனை வருஷம் என்று கேட்டார். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இந்தக் காதுக்கா பரீட்சை என்று சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

காகிதத்தில் ஒரு கோடு நேராகப் போய், கிணற்றில் விழுவது மாதிரி கீழே விழுந்திருந்தது. டாக்டர் பேனாவை அந்தப் பள்ளத்தில் வைத்தார்.

"உச்ச சத்தம் கேக்கற பகுதிங்க இது. கம்பரசர் சத்தத்துல போனது, இருபது வருஷமாவே போயிட்டு இருந்திருக்கும். பாட்டுக்காரங்க குரல்ல கணீர்னு இருக்கே, அது இந்த இடத்துலதான் இருக்கும்."

"பாறை மாறுறது கேக்குதுங்களே டாக்டர்?"

"அது கால்ல அதிர்வா தெரியுதுங்க. காதுல இல்ல."

அந்த அனந்தப்பூர் ஆளிடம் ஐந்தாம் வகுப்பு என்று பெருமையாகச் சொன்ன பதில் ஞாபகம் வந்தது.

மிஷின் வாங்கிக் காதில் மாட்டினேன். மகளின் அரையிறுதிப் பாட்டை டீச்சர் அன்றே வீடியோ எடுத்து என் மனைவி போனுக்கு அனுப்பியிருந்தார். ஷெட்டில் ரிக்குகளுக்குப் பின்னால் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் போட்டேன். கீழே பாடுவது எனக்குத் தெரிந்த குரல். மேலே போனபோது வந்தது நான் கேட்டிராத குரல். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைச் சுண்டினால் வருமே, அப்படி. ஆனால் அது நிற்கவில்லை, நீண்டு, கூடிக் குறைந்து, யாரையும் இடிக்காமல் போய்க்கொண்டே இருந்தது. தள்ளவே இல்லை அவள். கடைசி வரிசைக்கு மட்டுமில்லை, ரோட்டுக்கே கேட்டிருக்கும். மூன்று தடவை கேட்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

தாசில்தாரையும் பேங்க் மேனேஜரையும் எதிர்த்துப் பேசியவன் நான். பெற்ற மகளிடம் இதைச் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆனது. குரல் போனது போனதுதான். ஆனால் தன் குரல் சின்னது என்று நினைத்துக்கொண்டே அவள் மீதி வாழ்க்கையை ஓட்டிவிடக் கூடாது. அது மட்டுமாவது அவளுக்குத் தெரிய வேண்டும்.

சேலத்தில் சிகிச்சை முடிந்து திரும்பும்போது ரோட்டோரக் கடையில் டீ வாங்கிக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்தோம்.

"சாமி, உங்குரலு கடைசி வரிசைக்கு வந்துச்சு. நல்லா வந்துச்சு. எனக்குத்தான் காது கேக்கல."

அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். "தெரியுமுங்கப்பா."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குக் கேக்காதுன்னு. ஊட்ல எல்லாத்துக்கும் தெரியும். அம்மா உங்ககிட்ட மட்டும் எதுக்குக் கத்திப் பேசறாங்கன்னு நெனைச்சீங்க?"

நான் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தெரிஞ்சுமா அன்னிக்கு அப்பிடிக் கத்துன? டீச்சரு அத்தனை தடவை வேண்டாம்னு சொன்னாங்களே."

லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. மிஷின் வழியாக அதன் சத்தம் மண்டையில் கீறியது.

"கடைசி வரிசையில உக்காந்திருந்தது நீங்கதானுங்கப்பா" என்றாள்.

சொல்லிவிட்டுத் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசலாம் என்று சிகிச்சைப் பெண் அளவு வைத்திருந்தாள், அன்றைக்கு அது முடிந்துவிட்டது. டம்ளர்களைக் கொடுத்துவிட்டு வந்து நான் வண்டியை எடுத்தேன்.