விடுதியின் நாற்பது வைஃபை பெட்டிகள்

அன்னவாசல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தபோது, என் அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லோரிடமும் அப்படித்தான் வாங்கினார்கள் என்பதால் நானும் கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பெண்கள் விடுதிக்கு வைஃபை போட்டார்கள். விடுதிக்குள் ஆண்கள் வரக்கூடாது. நெட்வொர்க் தெரிந்த ஒரே பெண் நான். அதனால் கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் கொடுத்து அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். குடுமியான்மலையில் இருந்த என் வீடு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போக முடியும்.

மாலை ஆறு மணிக்குக் கதவைத் தட்ட ஆரம்பிப்பார்கள். "மேம், நெட் போயிருச்சு." "மேம், வந்து வந்து போகுது." மூன்று மாடி, நாற்பது பெட்டிகள். ஒவ்வொன்றும் தனக்கான சேனலை, அதாவது அலைவரிசையை, தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். தேர்ந்தெடுக்கத்தான் செய்தது. ஆனால் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்று. பக்கத்துப் பெட்டியின் இரைச்சல் தாங்காமல் ஒன்று வேறு சேனலுக்குத் தாவும். அங்கே ஏற்கெனவே இருந்த பெட்டி தொந்தரவாகி இன்னொன்றுக்குத் தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் அதில் இணைந்திருந்த பிள்ளைகளுக்கு நெட் அறுந்துபோகும்.

இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு அறையிலிருந்தபடியே ஆன்லைனில் வேலை நேர்காணல். நான்கு முறை அறுந்தது. ஐந்தாவது முறை இணைந்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவள் என் வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை. "ஒங்களத்தான மேம் இதுக்கு வச்சிருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு அவள் இருக்கும் நேரத்தில் மெஸ்ஸுக்குப் போகவே எனக்குக் கூசியது.

அந்தச் சமயத்தில் திருச்சியில் ஒரு வேலை கிடைத்தது. சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டேன்.

"வைஃபை ஆளில்லாம தானா ஓடுற மாதிரி பண்ணிட்டுத் தாராளமா போங்கம்மா," என்றார்.

மூன்று வாரம் வேறு எதையும் நினைக்கவில்லை. லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வராந்தா வராந்தாவாக நடந்தேன். எல்லாப் பெட்டிகளும் முழு பவரில் இருந்தன. ஒன்றின் சிக்னல் இரண்டு மாடி தாண்டியும் கிடைத்தது. தன் நான்கு அறைகளுக்கு மேல் போகாத அளவுக்கு ஒவ்வொன்றையும் குறைத்தேன். பிறகு நாற்பதையும் ஒரே மென்பொருளின் கீழ் கொண்டுவந்தேன். நெரிசலை மாலையில் அளக்க வேண்டும், ஆனால் அப்போது எதையும் மாற்றக் கூடாது. மறுநாள் காலை பத்து மணிக்கு, பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரே தடவையில் சேனல்களை மாற்ற வேண்டும். அப்படி விதி எழுதி ஓடவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை யாரும் கதவைத் தட்டவில்லை. எட்டு மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நானே மாடியேறிப் போய், "நெட் வருதா?" என்று கேட்டேன். "வருதே மேம்," என்றார்கள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மறுநாள் காலையிலேயே நிர்வாக அலுவலரிடம் போனேன்.

"இப்பத்தாம்மா நல்லா ஓடுது. ஒங்கள விட்டுட்டு நாங்க என்ன பண்றது?"

"அது தானா ஓடுதுங்க சார்."

"நின்னு போச்சுன்னா? எப்படி ஓடுதுன்னு ஒங்களுக்குத்தான தெரியும்?"

திருச்சியில் சேர நான்கு நாள்தான் இருந்தது. அறைக்கு வந்து படுத்தேன். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மதில், அதற்கு அப்பால் தைலமரக் காடு. பஸ் போகும் சத்தம் மட்டும் கேட்கும்.

சாயங்காலம் வார்டன் அக்கா தட்டோடு வந்தார். "ஏம்மா, சாப்பிட வரல?" அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் சர்டிபிகேட்டும் அங்கிட்டுத்தான் கெடக்கு, பதினோரு வருசமா. கேட்டுக் கேட்டுப் பாத்து விட்டுட்டேன்," என்றார். தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அதுல என்னதான் பாக்கணும்? எனக்குச் சொல்லிக் குடு," என்றார்.

இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். சிவப்பு எரிந்தால் என்ன செய்வது, எந்தத் திரையைத் திறப்பது, எதைத் தொடவே கூடாது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் என்னோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"நான் பாத்துக்கிறேன் சார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

நிர்வாக அலுவலர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பீரோவைத் திறந்தார். மேலே இருந்தது அக்காவின் சான்றிதழ் உறை. அதை மேசையில் எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து என்னுடையதை உருவிக் கொடுத்தார். அக்காவுடையதைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார். "அவங்களோடதையும் குடுத்துடுங்க சார்" என்று நாக்கு வரை வந்தது. என் உறையையும் திரும்ப வாங்கிவிடுவாரோ என்ற பயத்தில் பேசாமல் நின்றேன்.

திருச்சிக்கு வந்த பிறகும் எப்போதாவது போன் வரும். "ஏம்மா, மூணாவது மாடியில ஒண்ணு செவப்பா எரியுது." அணைத்துப் போடச் சொல்வேன். லைனிலேயே இருந்து, "ஆங், பச்சையாயிருச்சு," என்பார். சாப்பிட்டேனா என்று விசாரிப்பார். அந்த உறையைப் பற்றி நான் இன்னும் கேட்கவில்லை.