சனிக்கிழமை மாத்திரை

சூளகிரி சரசம்மாவின் உடம்பில் வெயில் போதவில்லை என்று டாக்டரம்மா சொன்னதும், பக்கத்தில் நின்ற புருஷன் திம்மராயனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்காமல் என்ன செய்வார்? தக்காளித் தோட்டத்தில் களை பறித்தே கறுத்த குடும்பம். எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு அங்கே பஞ்சம் வந்ததில்லை.

"எங்களுக்கா வெயில் பத்தல? கொட்டிக் கெடந்துச்சுங்க மேடம்! அப்பவே மாத்திரை பண்ணி வித்திருந்தா இந்நேரம் பெங்களூர்ல பங்களா கட்டியிருப்பேன்."

"அது அப்போ. இப்ப உங்க வீட்டம்மா வெயில எப்பப் பாக்கறாங்க?"

சரசம்மா யோசித்துப் பார்த்தாள். விடியுமுன் கம்பெனி பஸ். உள்ளே போனால் ஒயர் கட்டும் லைனில் ட்யூப்லைட். வெளியே வந்தால் இருட்டு. லீவு நாளில் தூக்கம். இடுப்பை அரைக்கிற வலிக்கும், எழுந்ததுமே வருகிற அசதிக்கும் வயசையும் ஊர்க்கண்ணையும் பழி சொல்லிக்கொண்டிருந்தாள். வயசு என்ன பெரிய வயசு, நாற்பத்திரண்டு.

லைனில் நின்றபடிதான் வேலை. சூப்பர்வைசர் மாரிசாமி திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷன். அவரே சொல்லிவிட்டார்: "யக்கா, நீங்க மேஜையில சாயுறத நான் எத்தன நாளைக்கு மறைக்க? நிக்க முடியலன்னா மேல உள்ளவங்க வேற ஆளப் போட்டுருவாங்க." போனால் போகட்டும் என்று சொல்ல அவளால் முடியாது. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது ஏதோ கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது.

"வைட்டமின் டி மாத்திரை. வாரத்துக்கு ஒண்ணுதான், தெனம் போட்டுடாதீங்க," என்று எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா.

வாரத்துக்கு ஒன்று என்றால் மறக்காத கிழமை எது? சனிக்கிழமை. கல்யாணமான நாளாகப் பெருமாளுக்கு ஒருபொழுது இருக்கிறவள் அவள். தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, துளசித் தீர்த்தத்தோடு மாத்திரையை விழுங்கினாள். பெருமாளும் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் வலி எங்கே தங்கும்?

தங்கியது, சொந்த வீடு மாதிரி. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு ஆமையாக நகர்ந்திருந்தது.

"சாப்பாட்டோடதான போடறீங்க?"

"சனிக்கெழம எங்கீங்க சாப்பாடு? ஒருபொழுதுங்க. சாயந்தரம் வரைக்கும் தீர்த்தந்தான்."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இது கொழுப்புல கரையற மாத்திரைம்மா. எண்ணெ, முட்டை, கறி ஏதாவது வயித்துல இருந்தாத்தான் நல்லாச் சேரும். விரதம் இருங்க, வேணாங்கல. மாத்திரைய வேற நாளுக்கு மாத்துங்க."

பெருமாள் கோவித்துக்கொள்வாரோ என்று வழியெல்லாம் புலம்பினாள். "அவுரு வெரதந்தான கேட்டாரு? மாத்திரையுமா கேட்டாரு?" என்றார் திம்மராயன். வாழ்நாளில் அவர் பேசிய உருப்படியான பேச்சு அதுதான். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்புக்குப் பின்னால் மாத்திரை. சாப்பிட்ட கையோடு மொட்டை மாடி வெயிலில் கொஞ்ச நேரம்.

மந்திரம் போட்டதுபோல ஒன்றும் நடக்கவில்லை. கோடை போய் மழை வந்தது. ஒருநாள் மத்தியானம் மாரிசாமி லைனுக்கு வந்தார்.

"யக்கா, செத்த நேரம் ஸ்டூல் போடச் சொல்லட்டா?"

"எதுக்குங்க சார்?"

கேட்டுவிட்டு அவளே திகைத்துப்போனாள். காலையிலிருந்து நிற்கிறாள். மேஜையில் சாயவில்லை. இடுப்பு என்று ஒன்று இருப்பதே அவள் நினைப்பில் இல்லை. உளுந்தளவு மாத்திரைக்குள் அத்தனை வெயிலை யார் அடைத்து வைத்தது? அதை வாங்கி எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த உடம்புக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இத்தனை காலம் திட்டித் தீர்த்த உடம்பு! அதைக் கும்பிடவேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"நான் முடிஞ்சுபோயிட்டேன்னு நெனச்சேன் சார்," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

லைன் யாருக்காகவும் நிற்காது. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஒயரை எடுத்தாள்.